கடுகு ஓட்டிய ரோபோ

'ரோபோ வார்ஸ் நிகழ்ச்சியில் தீர்ப்புச் சொன்னாரே ஒரு பேராசிரியர், அவருடைய உண்மையான வேலை என்ன?' என்று கேட்கிறார் கோத்தகிரி பிளஸ் டூ மாணவி ஒருவர்.

நோயல் ஷார்க்கியைப் பற்றித்தான் கேட்கிறார். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் பேராசிரியரானவர். 1998இல் பிபிசி தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் தலைமை நடுவராக இருந்தவர். ரம்பமும் சுத்தியலுமாக அங்கே மோதிக்கொண்ட இயந்திரங்கள் ரிமோட்டில் ஓடியவை; யோசித்தது ஓரமாக நின்ற மனிதர்தான். தானே இலக்கைத் தேர்ந்து சுடும் ரோபோக்களை ஷார்க்கி எதிர்ப்பவர். ரோபோ ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேசக் குழுவை 2009இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

எனக்குப் பிடித்தது அவர் 2007இல் செய்த வேலை. பண்டைய கிரேக்கப் பொறியாளரான அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் முதலாம் நூற்றாண்டில் விவரித்த ஒரு தானியங்கி வண்டியை எடுத்துக்கொண்டு, 'இது நிரல் எழுதி இயக்கக்கூடிய ரோபோ' என்றார். கட்டியும் காட்டினார்.

மூன்று சக்கர வண்டி அது. சக்கர அச்சில் நூலைச் சுற்றி, மறுமுனையைக் கப்பி வழியாக ஏற்றி ஓர் ஈயக் குண்டில் கட்டியிருக்கும். குண்டு உட்கார்ந்திருப்பது குழாயில் நிரப்பிய தானியத்தின் மேல். அடித்துளையைத் திறந்தால் தானியம் ஒழுகும், குண்டு இறங்கும், நூல் இழுபடும், அச்சு சுழலும். தானியமாகக் கடுகையும் தினையையும் ஹீரோனே சொல்கிறார். இலேசானவை, வழுக்கி ஓடுபவை. தண்ணீர் என்றால் மட்டம் இறங்க இறங்க ஓட்டம் தளரும். கடுகு அப்படியல்ல. மேலிருக்கும் பாரத்தின் பெரும்பகுதியை உராய்வினால் குழாயின் சுவரே தாங்கிக்கொள்வதால், கடைசிவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஒழுகும்.

நிரல் இருப்பது நூலில். சில சுற்று ஒரு திசையில் சுற்றி, அச்சிலுள்ள முளையில் மாட்டி எதிர்த்திசையில் சுற்றினால், வண்டி முன்னே போய்ப் பின்னே வரும். நடுவில் நிற்க வேண்டுமா? அந்த இடத்தில் நூலைத் தொளதொளவென்று விட்டு மெழுகால் ஒட்டிவிடலாம். தொய்வு தீரும்வரை குண்டு இறங்கிக்கொண்டிருக்கும், அச்சு அசையாது. அச்சை இரண்டாகப் பிரித்துச் சக்கரத்துக்கு ஒரு நூல் கொடுத்தால் வளைந்தும் திரும்பும். இதில் ஒரு குறும்பு உண்டு. கடைசியாகச் சுற்றியதுதான் முதலில் அவிழும். ஆகவே நிரலை வாலிலிருந்து தலைக்கு எழுத வேண்டும். வேறு பாதை வேண்டுமென்றால் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம், நூலை மாற்றிச் சுற்றினால் ஆயிற்று.

பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு தானே திறக்கும் பொறியையும் ஹீரோன் எழுதிவைத்திருக்கிறார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். பொறிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் குறைவுதான்.

குன்னூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு இந்த வண்டியைச் செய்தோம். ரோபோட்டிக்ஸ் ஆய்வகத்துக்கென்று வாங்கிய விலை உயர்ந்த பெட்டிகள் அங்கே உறைகூடப் பிரியாமல் பீரோவுக்குள் தூங்குகின்றன. தொலைந்துவிடுமாம்! கருவிக்குப் பணம் ஒதுக்குபவர்கள், பிள்ளைகள் அதை உடைப்பதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

கோத்தகிரியில் செய்து பார்ப்பவர்களுக்கு: ஜூலை மாத ஈரத்தில் கடுகு நமுத்துத் துளையை அடைத்துக்கொள்ளும், வாணலியில் இளஞ்சூடு காட்டி ஆறவிட்டு நிரப்புங்கள். பருத்தி நூல் உப்பிச் சிக்கிக்கொள்ளும், தூண்டில் நரம்பு மேல். ஆனால் அதில் மெழுகு பிடிக்காது. தொய்ந்த நூலை ஒட்டிவைக்க ஒட்டு நாடாவில் ஒரு துணுக்கு போதும்.