ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ (16 வயதுப் பொதுத் தேர்வு) முடித்த பிள்ளை, ஏ லெவலுக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பாடத் தேர்வு) பதிலாகக் காலேஜில் ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் (உடல்நல, சமூகப் பராமரிப்புப் படிப்பு) எடுக்கப் போகிறேன் என்றால், வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "ஏ லெவல் முடியாதவர்கள் எடுப்பதுதானே?" என்பார் ஒருவர். "பெயரிலேயே ஹெல்த் இருக்கிறது, இதை வைத்து டாக்டருக்கும் படிக்கலாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு.

பரவலாக எடுக்கப்படுவது தேர்வு வாரியமான பியர்சனின் பீடெக் லெவல் 3 எக்ஸ்டெண்டட் டிப்ளமோ. (ஊரில் உள்ள உறவினர் காதில் இது பொறியியல் பட்டம் போல விழும், தொடர்பே இல்லை.) இரண்டு வருடம், 1080 பாட மணி, அளவில் மூன்று ஏ லெவலுக்குச் சமம். பாஸ், மெரிட், டிஸ்டிங்க்ஷன் என்று தரம் ஏறும். மூன்று டிஸ்டிங்க்ஷன் வாங்கினால் 144 யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) புள்ளிகள், அதாவது ஏ லெவலில் மூன்று ஏ கிரேடு எடுத்ததற்கு ஈடு. ஒரு டிஸ்டிங்க்ஷனும் இரண்டு மெரிட்டும் என்றால் 112.

ஆனால் புள்ளி இருந்தால் மட்டும் கதவு திறக்காது. நர்சிங், சோஷியல் வொர்க் துறைகள் இந்தத் தகுதியைப் பரவலாக ஏற்கின்றன. பிசியோதெரபி, ரேடியோகிராபி போன்றவற்றுக்குப் பல பல்கலைக்கழகங்கள் உயிரியலைத் தனியாகக் கேட்கும். மருத்துவப் படிப்புக்கு இதை மட்டும் நம்பிச் சேரவே கூடாது. எனவே முதலில் பட்டப்படிப்பை முடிவு செய்யுங்கள். பிறகு, பிடித்த ஐந்து பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தகுதிப் பக்கத்தை வரி விடாமல் படித்துவிட்டுக் காலேஜுக்குப் போங்கள். ஜிசிஎஸ்இ ஆங்கிலத்திலும் கணிதத்திலும் கிரேடு 4 இல்லாத பிள்ளை அவற்றைக் காலேஜிலும் தொடர்ந்து படித்தாக வேண்டும். அதை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப்போட்டால் யூகாஸ் விண்ணப்ப நேரத்தில் நெருக்கடி. சில காலேஜ்களில் இப்போது இதற்குப் பதில் டி லெவல் ஹெல்த் என்ற தொழிற்கல்விப் படிப்புதான் உண்டு. அதில் குறைந்தது 315 மணி நேர ப்ளேஸ்மென்ட் (பணியிடப் பயிற்சி) இருக்கிறது. 19 வயது தாண்டியவர்களுக்கு 60 கிரெடிட் கொண்ட, பல்கலைக்கழகத்துக்குத் தயாராக்கும் ஆக்சஸ் டிப்ளமோ வேறு வழி.

"பரீட்சை கிடையாது, அசைன்மென்ட் மட்டும்தான்" என்று நம்பி வருகிறவர்கள் முதல் ஜனவரியிலேயே திகைக்கிறார்கள். 1080 மணியில் 450 மணிக்கான நான்கு யூனிட்கள் வெளியிலிருந்து மதிப்பிடப்படுகின்றன. உடற்கூறும் உடலியங்கியலும் அதில் ஒன்று. சிறுநீரகமும் இதயமும் வேலை செய்யும் விதத்தைப் படம் பார்க்காமல் வரைந்து சொல்லத் தெரிய வேண்டும்.

அசைன்மென்ட்டில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, கேள்வியின் வினைச்சொல்லைச் சரியாகப் படிக்காததால்தான். முதியோர் இல்லத்தில் ப்ளேஸ்மென்ட் செய்யும்போது பார்க்கிற ஒரு கோப்பைத் தேநீரையே எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் ஒரு பாட்டிக்கு, பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் லெவல் 2 தடிப்பில் (பானங்களின் தடிப்பு அளவுகோலில் ஒரு படி) பானம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை கரண்டி தடிப்பாக்கும் பொடி என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். சோதிக்க 10 மில்லி சிரிஞ்சை நிரப்பி 10 விநாடி ஒழுக விட்டால், உள்ளே 4 முதல் 8 மில்லி மிஞ்ச வேண்டும். கைக்கணக்கில் கலக்கினால் தேநீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பொடியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் மூச்சடைக்கும். ஆகவே டப்பா எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

இதை விளக்கினால் பாஸ். பக்கவாதம் எந்தத் தசையைப் பாதித்தது, தடிப்பு கூடினால் பானம் ஏன் மெதுவாக இறங்குகிறது, அது விழுங்கலுக்கு எப்படி உதவுகிறது என்று தொடர்புபடுத்தினால் மெரிட். டிஸ்டிங்க்ஷனுக்கு எடைபோட வேண்டும்: தடித்த தேநீர் பிடிக்காமல் பாட்டி குடிப்பதையே குறைத்தால் உடலில் நீர் வற்றும், "எனக்குச் சாதாரணத் தேநீர்தான் வேண்டும்" என்று அவர் தெளிந்த புத்தியோடு சொன்னால் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பாதுகாப்பா, விருப்பமா என்று இரு பக்கமும் நிறுத்து, காரணத்தோடு ஒரு முடிவுக்கு வர வேண்டும். பத்துப் பக்கம் விளக்கம் எழுதியும் இந்த ஒரு பத்தி இல்லாததால் பாஸோடு நிற்கிறவர்கள் பலர்.

இன்னொரு கடுமையான விதி, கெடு. குறித்த நாளில் கொடுத்தால்தான் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கும் வாய்ப்பு கிடைக்கும், அதுவும் ஒரே முறை, 15 வேலை நாட்களுக்குள். யூனிட்டின் பாஸ் அளவுகோல்களில் ஒன்று விடுபட்டாலும், மற்றவை டிஸ்டிங்க்ஷன் தரத்தில் இருந்தும் பயனில்லை. பாதி முடித்ததையாவது நேரத்துக்குக் கொடுங்கள்.

ப்ளேஸ்மென்ட் தொடங்கும் முன் டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு) சான்றிதழ் கைக்கு வர வேண்டும். பழைய முகவரிகளைத் தவறாக எழுதினால் வாரக்கணக்கில் இழுக்கும். மருந்து கொடுக்கச் சொன்னாலோ, தனியாக ஒருவரைத் தூக்கச் சொன்னாலோ, யார் சொன்னாலும் மறுத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ப்ளேஸ்மென்ட் நாளும் வீடு திரும்பியதும் பத்து நிமிடம் ஒதுக்கிக் குறிப்பெழுதுங்கள்: என்ன பார்த்தேன், ஏன் அப்படிச் செய்தார்கள், நான் என்ன செய்தேன். பெயர், அறை எண், படம் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் தன்னறிக்கை மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது, மொத்தம் 4000 எழுத்துகள். வகுப்புக்கு வெளியே எப்படித் தயாரானீர்கள் என்று மூன்றாவது கேள்வி கேட்கும். "எனக்கு மனிதர்களுக்கு உதவப் பிடிக்கும்" என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து, தேநீர்க் கோப்பையைப் பற்றி எழுதுங்கள்.