கடைசி வினையின் கையில் காலம்

கள்ளழகர் அழகர்மலையிலிருந்து புறப்பட்டு, வழிநெடுகிலும் மண்டகப்படிகளில் தங்கி, தல்லாகுளம் வந்து, ஆண்டாள் மாலையை ஏற்று, வைகையில் இறங்கி, வண்டியூருக்குப் போய், மலைக்குத் திரும்புகிறார். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரின் பயணம் முழுவதையும் அடக்கிய இவ்வாக்கியத்தில் வினைகள் 7. ஆனால் எப்போது என்று சொல்வது, 'திரும்பு' என்ற பகுதிக்கும் 'ஆர்' என்ற விகுதிக்கும் நடுவே நிற்கும் 'கிறு' ஒன்றுதான். அதன் இடத்தில் 'இன்' வந்தால் திரும்பினார். 'வ்' வந்தால் திரும்புவார். முன்னுள்ள 6 வினைகளில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை.

'புறப்பட்டு', 'வந்து' போன்றவற்றை இறந்தகால வினையெச்சம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பெயர் பிழையன்று, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. "நாளை மறுநாள் மதுரைக்கு வந்து, மீனாட்சியைத் தரிசித்து, இரவே ஊர் திரும்புவேன்" என்பவர் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. இருந்தும் 'வந்து' என்பது உறுத்துவதில்லை. அந்த எச்சத்திலுள்ள இறப்பு, பேசும் நேரத்தை வைத்து அளக்கப்படுவதன்று. அடுத்த வினைக்கு முன்னே இது முடிந்துவிடும் என்ற வரிசையையே அது காட்டுகிறது. எச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும் முடிக்கும் சொல் ஒன்றே போதும் என்பதைத் தொல்காப்பிய வினையியலும் சொல்கிறது.

காலத்தோடு ஆளையும் கடைசி வினையே சுமப்பதால், 'செய்து' வகை எச்சத்தின் எழுவாயும் முடிக்கும் வினையின் எழுவாயும் பொதுவாக ஒன்றாக இருக்கவேண்டும். "அழகர் ஆற்றில் இறங்கி, மக்கள் வணங்கினார்கள்" என்று எழுதினால், இறங்கியவர் யார் என்று வாக்கியம் தடுமாறும். 'இறங்க' அல்லது 'இறங்கியதும்' என்றால் சரியாகிவிடும். "மழை பெய்து கண்மாய் நிறைந்தது" மட்டும் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்கலாம். பெய்ததே நிறைவுக்குக் காரணமாதலால் அதைப் 'பெய்ய' என்பதன் திரிபாக இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டார்கள்.

துணைவினை சேரும்போது கணக்குச் சற்று நுட்பமாகிறது. "இறங்கியிருக்கிறார்" என்பதில் நிகழ்காலம் 'இரு' என்ற துணைவினைக்கு உரியது. இறங்குதல் முடிந்துவிட்டது, அதன் விளைவுதான் இப்போதும் நிலைக்கிறது. "இறங்கியிருந்தார்" என்றால் அந்நிலை கடந்த காலத்தின் ஒரு கட்டத்துக்கு உரியதாகிறது. "இந்நேரம் இறங்கியிருப்பார்" என்பதோ, உருவில் எதிர்காலம், பொருளில் ஊகம்.

எதிர்மறையில்தான் எனக்கு இன்றும் பேனா தயங்குகிறது. "மாட்டுத்தாவணியில் பேருந்து நின்று ஆட்களை ஏற்றவில்லை" என்றால், நின்றும் ஏற்றாமல் போனதா, நிற்கவே இல்லையா? கடைசியில் உள்ள 'இல்லை' முன்னுள்ள எச்சத்தையும் தழுவலாம், தழுவாமலும் இருக்கலாம். பேச்சில் குரலின் அழுத்தம் வேறுபாட்டைக் காட்டிவிடும். எழுத்தில், நின்றிருந்தால் 'நின்றும் ஏற்றவில்லை' என்றும், நிற்காவிட்டால் 'நிற்கவுமில்லை, ஏற்றவுமில்லை' என்றும் பிரித்து எழுதவேண்டியிருக்கிறது.