எது ஸ்மூத், அண்ணாச்சி?

செங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். கேரளத்துப் புனலூர் வண்டியும் வரும், தென்காசி வண்டியும் வரும். பேசுகிற பாஷைதான் வேறு, வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்காரரும் சொல்வது ஒரே சொல்: ஸ்மூத். ஒருவர் சொன்ன ஸ்மூத்தும் அடுத்தவர் சொன்ன ஸ்மூத்தும் ஒன்றாக இருந்ததே அபூர்வம்.

நமக்கு இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. தரை வழவழப்பாக இருக்கும், பாசி பிடித்த படி வழுக்கும், பஸ் குலுங்காமல் போகும், ஸ்டியரிங் லேசாகத் திரும்பும். எல்லாவற்றுக்கும் இப்போது ஸ்மூத்தான். ('நைஸ்' கதையும் இதுதான். மாவை நைஸாக அரைக்கிறோம், கடன் கொடுத்தவரைக் கண்டால் நைஸாக நழுவுகிறோம். சரி, அது போகட்டும்.)

குற்றால சீசனில் கொல்லம் பக்கமிருந்து குடும்பத்தோடு ஒருவர் வந்தார். வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டவர், போகிற போக்கில் சொன்னார்: "பிரேக் இப்ப ரொம்ப ஸ்மூத் ஆயிட்டு, அண்ணாச்சி. முன்ன கல்லு மாதிரி இருக்கும்." சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பகீரென்றது.

நான் மிதித்தபோது பெடல் கெட்டியாகவே நின்றது. எப்போது ஸ்மூத்தாக இருந்தது என்று கேட்டேன். மலைப்பாதையில் கோட்டைவாசலில் இருந்து புளியரைக்கு இறங்கும்போதாம். எஸ் வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனதாம். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினேன். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லையாம்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கே கொதித்துவிடலாம். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்தால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. ஒரு மணி நேரம் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆயில் ஆறிப் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். ஆள் நம்பி ஏமாறுவது இங்கேதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

அவர் நியூட்ரலில் இறங்கியிருக்கிறார். "நியூட்ரல்னா வண்டி ஸ்மூத்தா உருளும், டீசலும் மிச்சம்." இது இன்னொரு ஸ்மூத். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், இறக்கத்தில் எஞ்சினுக்குப் போகும் டீசலை வண்டியே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட டீசல் செலவாகும். மிச்சம் எங்கே? எந்த கியரில் ஏறுவீர்களோ அதிலேயே இறங்குங்கள். எஞ்சின் உறுமும், உறுமட்டும். அதுவே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும்.

டயர்க்காரர்கள் சொல்லும் ஸ்மூத் வேறு ரகம். பட்டன் தேய்ந்து மொட்டையான டயரைத் தடவிப் பார்த்து, "சத்தமே இல்ல, ஸ்மூத்தா ஓடுது" என்பார்கள். பொய்யில்லை, காய்ந்த ரோட்டில் அப்படித்தான் ஓடும். சாரல் விழுந்ததும்தான் வினை. தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள். அவை இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதந்துபோகும். டயர் பக்கவாட்டில் சின்ன முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். கார் டயரில் அது 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

இப்போது என் பட்டறைப் பையனுக்கும் பழகிவிட்டது. யாராவது ஸ்மூத் என்றால், "கால்லயா, கையிலயா, காதுலயா?" என்று கேட்கிறான். முந்தாநாள் ஒரு பெரியவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கையிலதான்பா. ஸ்டியரிங் தன்னால இடது பக்கம் இழுக்கு."