சிங்கிள்: ஒற்றைப் பாட்டா, தனிப்பாடலா?

“நம்மட பொடியன் ஒரு சிங்கிள் விட்டிருக்கான்” என்று மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பெத்தாவிடம், அதாவது பாட்டியிடம், சொல்லிப் பாருங்கள். யாரை விட்டான், ஏன் விட்டான், அந்தப் பிள்ளைக்கு இனி யார் பொறுப்பு என்று விசாரணை தொடங்கிவிடும். பொடியனோ ஒரு மைக், ஒரு மடிக்கணினி, இரவல் கமரா என்று பாடுபட்டு ஒரு பாட்டை யூடியூப்பில் ஏற்றியிருப்பான். கலியாணம் ஆகாத ஆளுக்கும் தனியாக வெளிவந்த பாட்டுக்கும் ஒரே சொல் ஓடித்திரிவதால் வருகிற வில்லங்கம் இது.

பாட்டுலகில் சிங்கிள் என்றால், ஒரு தொகுப்புக்குள் அடங்காமலோ தொகுப்பு வருவதற்கு முன்போ தனியாக வெளியிடப்படும் பாட்டு. என்ன மெட்டு, எத்தனை பேர் பாடினார்கள், எந்த மொழி என்பதில் எல்லாம் இந்தச் சொல்லுக்கு அக்கறை கிடையாது. இருபது பேர் சேர்ந்து கத்தினாலும் சிங்கிள் சிங்கிள்தான். இதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழில் இதற்குச் சொல் தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். இசையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது, விற்பனையைப் பார்த்து வைத்த பெயர்.

இலத்தீனில் ‘சிங்குலுஸ்’ என்றால் ஒவ்வொன்றாக, தனித்தனியாக. அது பழைய பிரெஞ்சில் ‘செங்கிள்’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து சிங்கிள் ஆனது. பாட்டோடு அது ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தித்தான். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சந்தான் பிடிக்கும். பக்கத்துக்கு ஒரு பாட்டு என்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அதற்குத் தனிப் பெயர் வேண்டியிருக்கவில்லை. நீளமான கச்சேரி என்றால் பல தட்டுகளில் பதிந்து, படம் ஒட்டும் அல்பம் போன்ற அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். பாட்டுத் தொகுப்புக்கு ‘அல்பம்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1948 இல் கொலம்பியா கம்பனி நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றும் நீள்தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. விக்டர் கம்பனி போட்டிக்கு 7 அங்குலத்தில், 45 சுற்றுச் சின்னத்தட்டை இறக்கியது. பல பாட்டுள்ள தட்டு ஒன்று, பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள தட்டு ஒன்று என்று கடையில் இரண்டும் அருகருகே வந்த பிறகுதான், சின்னதைச் சிங்கிள் என்று பிரித்துச் சொல்லும் தேவை வந்தது.

அமெரிக்காவில் வந்த அந்தச் சின்னத்தட்டின் நடுவில் ஒன்றரை அங்குல ஓட்டை இருக்கும். மெல்லிய கம்பியுள்ள சாதாரணப் பாட்டுப்பெட்டியில் போட்டால் தட்டு அங்கும் இங்கும் ஆடும். ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்ரிக் வில்லையைச் செருகித்தான் ஓடவிட வேண்டும். ஏ பக்கத்தில் கம்பனி நம்பிப் பணம் போட்ட பாட்டு. பி பக்கத்தில், சும்மா விட முடியாதே என்று போட்ட பாட்டு. பி பக்கத்தை யாரும் பெரிதாகக் கண்காணிப்பதில்லை என்பதால், அங்கே கொஞ்சம் விளையாட்டுக் காட்ட இடம் இருந்தது. 1954 இல் பில் ஹேலி குழுவின் ‘ரொக் அரவுண்ட் த குளொக்’ இப்படிப் பி பக்கமாகத்தான் வந்தது. பெரிதாக ஓடவில்லை. மறுகா அடுத்த வருடம் ஒரு ஹொலிவூட் படத்தின் தொடக்கத்தில் அது ஒலித்ததும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது. அதே தட்டின் ஏ பக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்று கேட்டால், இன்று பதில் சொல்ல ஆள் தேட வேண்டும்.

சிங்கிள் ஒரு கடைச்சொல் என்பதற்கு நல்ல சாட்சி எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று வாராவாரம் வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியல். 1998 கடைசிவரை, சிங்கிளாகக் கடையில் விற்பனைக்கு வராத பாட்டு அந்தப் பட்டியலில் ஏற முடியாது. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ அந்தக் காலத்தில் வானொலியில் ஓயாமல் போனது. ஆனால் அமெரிக்காவில் அதைச் சிங்கிளாக விற்கவில்லை. ஆகவே பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஊரே பாடியும் கணக்கில் இல்லாத பாட்டு! பிறகு காலம் மாறியது. 2013 பெப்ரவரியில் யூடியூப் பார்வைகளையும் பில்போர்ட் கணக்கில் சேர்த்தபோது, சொற்களே அதிகம் இல்லாத ‘ஹார்லெம் ஷேக்’ நேராக முதலிடத்தில் வந்து இறங்கியது. அந்த இசைக்கு ஆளாளுக்கு ஆடி ஏற்றிய அரை நிமிட வீடியோக்கள் செய்த வேலை அது.

கூடவே வருகிற ‘ஹிட்’டையும் பார்த்துவிடுவோம். அடி, குறியில் படுதல் என்பது அதன் பொருள். பத்திரிகைகளில் ‘வெற்றிப்பாடல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தேர்தல் முடிந்த அன்று லொறியில் போடும் பாட்டுப் போல இருக்கிறது. நம் வாயில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: எடுபட்டது. கூத்து எடுபட்டது, பகிடி எடுபடவில்லை, அந்தப் பாட்டு நல்லா எடுபட்டது. ஹிட் என்றால் அடித்தவர் முன்னுக்கு நிற்கிறார். எடுபட்டது என்றால் எடுத்துக்கொண்டவர்கள் முன்னுக்கு நிற்கிறார்கள். வழமைக்கு மாறான பாட்டுகளின் கதையைப் பார்த்தால் இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ 1975 இல் சிங்கிளாக வந்தபோது அதன் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. வானொலிகள் மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகியவை. திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் அதில் இல்லை. நடுவில் திடீரென்று ஒப்பரா வேறு. இது ஓடாது என்பதே கம்பனிக்காரர்களின் கணிப்பு. லண்டன் வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் கையில் ஒரு பிரதி அகப்பட, ஒரே வார இறுதியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தள்ளினார். கேட்டவர்கள் கடைக்குப் போய்த் தட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். பிரித்தானியப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம்.

1963 இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த கியூ சக்காமோட்டோவின் பாட்டு முழுக்க ஜப்பானிய மொழி. கண்ணீர் கீழே விழாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடப்பேன் என்பது அதன் பொருள். வெளிநாட்டு வாய்க்குள் அந்தத் தலைப்பு நுழையாது என்று நினைத்த கம்பனி அதற்கு ‘சுக்கியாக்கி’ என்று பெயர் மாற்றியது. சுக்கியாக்கி என்பது ஒரு மாட்டிறைச்சிச் சாப்பாடு. பாட்டில் அந்தச் சொல்லே கிடையாது. சோகப் பாட்டு ஒன்றுக்கு ‘ஆணம்’ என்று பெயர் வைத்த மாதிரி. ஆனாலும் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது.

வாத்தியமே இல்லாமல் எடுபட்டதும் உண்டு. 1988 இல் பொபி மக்ஃபெரினின் ‘டோன்ட் வொரி பி ஹப்பி’ பில்போர்ட்டில் முதலிடத்துக்குப் போனது. அதில் கேட்பது முழுக்க அவருடைய வாய், தொண்டை, நெஞ்சைத் தட்டும் சத்தம். அடுக்கடுக்காகப் பதிந்து ஒன்றாகச் சேர்த்தவை. வாத்தியமில்லாத பாட்டு அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

(மனிதக் குரலே வேண்டாம் என்றால் திமிங்கிலம் இருக்கிறது. 1970 இல் வந்த கூனல்முதுகுத் திமிங்கிலங்களின் ஒலித்தொகுப்பு நன்றாக விற்றது. 1979 ஜனவரியில் நேஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அதன் பகுதியை மெல்லிய பிளாஸ்ரிக் தட்டாக ஒரு கோடி பிரதிகளுக்கு மேல் அனுப்பியது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனை வைத்திருக்கிற நாங்கள் அதைப் பாட்டுப் புத்தகத்தில் எழுதியதோடு நிறுத்திக்கொண்டோம்.)

இந்தப் பட்டியலில் நம்முடைய பங்குக்குச் ‘சுராங்கனி’ வரவேண்டும். சிங்களப் பைலாவை ஏ. ஈ. மனோகரன் சிங்கள வரியும் தமிழ் வரியுமாகக் கலந்து பாட, அது கடல் கடந்து தமிழ்நாட்டிலும் எடுபட்டது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்பதுதான் மொத்தச் செய்தி. தத்துவம் இல்லை, ராகசுத்தம் இல்லை, மொழி பாதி விளங்காது. ஆனால் தாளம் காலைச் சும்மா இருக்கவிடாது. பைலா என்ற சொல் போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் ‘பைலார்’ என்பதிலிருந்து வந்தது. மட்டக்களப்புக்கு அது தூரத்துச் சொந்தம் இல்லை. போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழியை இன்னும் பேசுகிற பறங்கியர் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, அவர்களுடைய கலியாண வீட்டில் வயலின் எடுத்துக் கஃப்ரிஞ்ஞா ஆடுவது வழக்கம். பைலாவும் அந்தத் தாளத்தின் வழி வந்ததுதான்.

தமிழ்ச் சினிமாக்காரர் வாயில் ‘சிங்கிள்’ சரளமாகப் புழங்கத் தொடங்கியதில் 2011 நவம்பரில் வந்த, ‘3’ படத்தின் ‘கொலைவெறி’க்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். முடிக்காத பதிவொன்று கசிந்துவிட்டது. சரி, நாமே வெளியிடுவோம் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த காட்சிகளோடு தனியாக விட்டார்கள். பாதி இங்கிலீஷ், பாதித் தமிழ், இரண்டுக்கும் இலக்கணம் இல்லை. படம் திரைக்கு வந்தது 2012 மார்ச் கடைசியில். அதற்குள் பாட்டு உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் ‘முதல் சிங்கிள்’, ‘இரண்டாம் சிங்கிள்’ என்று நாள் குறித்து விடுகிறார்கள். அப்படி நாள் குறித்து விடுவதில் எத்தனை எடுபடுகிறது என்பது வேறு கதை. 2021 இல் யொஹானியும் சதீஷனும் சேர்ந்து மறுபடி பாடிய ‘மெனிகே மகே ஹித்தே’க்கு அப்படி ஆரவாரம் எதுவும் இருக்கவில்லை. அது வெளியான கொஞ்ச நாளில், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத இந்தியாவே அதை முணுமுணுத்தது.

இனி, இதற்குத் தமிழ் என்ன? கையில் முதலில் அகப்படுவது ‘தனிப்பாடல்’. இரண்டு இடத்தில் இடிக்கிறது. காளமேகம் போன்ற புலவர்கள் சமயத்துக்குப் பாடிய செய்யுளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. பள்ளிக்கூடப் போட்டிகளில் ‘தனி’ என்றால் ஒருவர் மட்டும் பாடுவது, ‘குழு’ என்றால் பலர் பாடுவது. ஐந்து பேர் பாடிய சிங்கிளைத் தனிப்பாடல் என்று எழுதினால் பாதிப் பேர் பிழையாகத்தான் விளங்குவார்கள். ‘தனியிசை’ என்பதும் உதவாது. கம்பனியோ சினிமாவோ இல்லாமல் சொந்தமாகச் செய்யும் இசைக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

கச்சிதமான சொல் பழைய இலக்கணத்தில் இருக்கிறது. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று பிரிக்கிறது. தனியே நின்று பொருள் முடிகிற செய்யுள் முத்தகம். பலவற்றைத் தொகுத்தது தொகைநிலை, அதாவது நம்முடைய அல்பம். முத்தகம் வடமொழி முக்தகத்திலிருந்து வந்தது. விடுபட்டது, அவிழ்த்துவிடப்பட்டது என்பது அதன் மூலப்பொருள். ‘சிங்கிள் ரிலீஸ்’ என்ற இரண்டு சொல்லும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்! காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்ற விபுலானந்த அடிகளின் பெயரில் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே இசை படிக்கிற பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரையில் தாராளமாக எழுதலாம். சந்தியில் மட்டும் வேண்டாம். ‘முத்தக வெளியீடு’ என்று போஸ்டர் ஒட்டினால் முத்தம் என்று வாசித்துவிட்டு வேறொரு கூட்டம் வந்து நிற்கும்.

அன்றாடப் புழக்கத்துக்கு நான் சொல்வது ‘ஒற்றைப் பாட்டு’. தட்டு ஒற்றையாக வந்த கதையும் அதில் இருக்கிறது, பாடியவர் எத்தனை பேர் என்ற குழப்பமும் வராது. பாட்டு ஒற்றையாக ஊர் சுற்றுவது மட்டக்களப்பு, அம்பாறை வயற்கரைகளுக்குப் புதிதும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பாடிய நாட்டார் கவி நாலே வரி. மச்சானைத் தேடுகிற மச்சியின் ஏக்கம் ஒரு கவி, அதற்கு எதிர்க்கவி இன்னொன்று. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்துவிடும். கட்டியவர் பெயர் தெரியாது. எடுபட்டது வாய்வழி ஊர் தாண்டிப் போகும், எடுபடாதது அந்த வரம்போடு நின்றுவிடும்.

கூட்டுச் சொற்களும் தொல்லை தரவில்லை. ‘ஹிட் சிங்கிள்’ என்றால் எடுபட்ட ஒற்றைப் பாட்டு. ஒரே பாட்டோடு புகழடைந்து அடங்கிப்போனவரை ‘ஒரு பாட்டுக்காரர்’ எனலாம். ‘ஒற்றைப் பாட்டுக்காரர்’ என்றால் சிங்கிளாகவே வெளியிடுகிற எல்லோரையும் குறிக்கும் என்பதால் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. பகிடிக்காகவே செய்த பாட்டை ‘விநோதப் பாட்டு’ என்று விட்டுவிடலாம். பன்மையில் ‘ஒற்றைப் பாட்டுகள்’ என்று எழுதினால், ஒற்றைக்கு எப்படிப் பன்மை என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒற்றையடிப் பாதைகள் என்று எழுதும்போது அவர்கள் கேட்டதில்லை.