மேக்னம் தோட்டான்னா என்ன? பேரு எங்கேந்து வந்துச்சு, தமிழ்ல எப்படி சொல்லலாம்

மேக்னம்னு கேட்டா நம்மாளுங்களுக்கு முதல்ல ஐஸ்க்ரீம் ஞாபகம் வரும், அப்புறம் போலீஸ் படத்துல வர்ற ரிவால்வர். வேட்டை ரைஃபிள் தோட்டாவுக்கு இந்த பேர பாத்தா நெறைய பேரு குண்டு பெருசா இருக்கும் போலன்னு நெனச்சுக்கறாங்க. குண்டு அதே சைஸ்தாங்க, அத புடிச்சிருக்குற பித்தளைக் கூடுதான் பெருசு, உள்ள வெடிமருந்து ஜாஸ்தி.

லத்தீன்ல மேக்னம்னா பெரியது. சமஸ்கிருத 'மகா'வும் இதுவும் ஒரே வேர்லேந்து கிளைச்சதுதான். ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் பாட்டிலுக்கு, அதாவது சாதா பாட்டில் ரெண்டு சேந்த அளவுக்கு, இந்த பேரு முன்னாடியே இருந்துச்சு, அதையே பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரங்க மருந்து அதிகம் பிடிக்கிற தோட்டாவுக்கும் வச்சுட்டாங்க. 1912ல லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் விட்ட .375 மேக்னம் ஆப்பிரிக்கால காட்டெருமை, யானை வேட்டைக்கு பேர் போனது, இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. 1935ல வந்த .357 மேக்னம் ரிவால்வர் தோட்டா, .38 ஸ்பெஷல்ங்குற பழைய ரிவால்வர் தோட்டாவோட கூட்ட கொஞ்சம் நீட்டுனதுதான், பழைய .38 ரிவால்வர்ல யாரும் மாத்தி போட்டுடக்கூடாதுன்னு அந்த நீளம்.

சரி, மருந்து கூடுனா என்ன ஆகும்? அமெரிக்கால மான், எல்க்ங்குற பெரிய மான் வேட்டைக்கு போறவங்க வச்சிருக்குற ரைஃபிள் தோட்டாக்கள் .30-06 (1906), .308 வின்செஸ்டர் (1952), .300 வின்செஸ்டர் மேக்னம் (1963) மூணையும் பாருங்க. மூணுலயும் குண்டோட விட்டம் .308 அங்குலம்தான். 180 கிரெயின் (குண்டு, மருந்து நிறுக்குற சின்ன எடை அளவு) குண்ட .308 வின்செஸ்டர், செகண்டுக்கு சுமார் 2600 அடி வேகத்துல தள்ளும், .30-06 2700, மேக்னம் 2950 பக்கம் போகும். 200 கஜத்துக்கு ஸ்கோப் செட் பண்ணிட்டு 400ல சுட்டா, .308 குண்டு மேக்னத்த விட அரை அடி கீழ இறங்கியிருக்கும். ரேஞ்சுல கெடைக்குற லாபம் இதான்.

வெலை எங்க குடுக்கறோம்னா மொதல்ல தோள்ல. எட்டு பவுண்டு ரைஃபிள்ல .308 உதைக்கிறது 17, 18 அடி-பவுண்டுன்னா (உதையோட ஆற்றல அளக்குற அலகு) மேக்னம் 26 பக்கம், ரெண்டு மூணு தடவ வாங்கிட்டா ட்ரிகர் அழுத்தும்போதே கண்ணு தானா மூடிக்கும், குண்டு எங்கயோ போகும், அப்புறம் அந்த அரை அடி லாபத்த வச்சு என்ன பண்றது. அடுத்தது குழல். தோட்டா உக்கார்ற அறை முடிஞ்சு, குண்ட சுழல வைக்கிற ரைஃப்ளிங் வரி ஆரம்பிக்கிற இடத்த தொண்டைன்னு சொல்வாங்க, .308ல அதே ஓட்ட வழியா 45 கிரெயின் மருந்தோட அனல்தான் போவுது, மேக்னத்துல 70 கிரெயினுக்கு மேல. இரும்பு மேல மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டு, தொண்டை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு முன்னாடி நகந்துடும். .308 குழல் சுமார் 5000 தடவ சுடுறத தாங்கும்னா மேக்னம் 2000 தாண்டுறதே கஷ்டம்னு பொதுவா கணக்கு சொல்வாங்க. சூடு ஆற விடாம தொடர்ந்து சுட்டா இன்னும் சீக்கிரம் போயிரும். வருஷத்துக்கு இருபது முப்பது தோட்டா சுடுற வேட்டைக்காரனுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, டார்கெட் சுடுறவங்களுக்குத்தான் தலைவலி. 2007ல வந்த 6.5 க்ரீட்மோர்ங்குற ரைஃபிள் தோட்டா பிரபலமானதுக்கும் இதான் காரணம்: ஒல்லியா நீளமான குண்டு காத்த நல்லா கிழிக்கும், கம்மி மருந்து, கம்மி உதை.

இப்ப தமிழுக்கு வருவோம். தோட்டாவே உருது 'டோட்டா'லேந்து வந்தது, துப்பாக்கி துருக்கி பக்கத்து சொல்லு, ரெண்டும் நம்ம சொல்லாவே ஆயாச்சு, மாத்த வேணாம். குண்டுக்கு ஈழத்துல சன்னம், ரவைன்னு சொல்வாங்க. மேக்னத்துக்கு 'பெருங்குண்டு'ன்னு போட்டா அர்த்தமே தப்பாயிடும். நாட்டுத் துப்பாக்கி காலத்துலேந்து மருந்துங்குற சொல்லு நம்மகிட்ட இருக்கறதால என் சாய்ஸ் 'பெருமருந்துத் தோட்டா'. ரீகாயிலுக்கு பின்னுதைப்பு, பேச்சுல வெறும் உதைன்னாலே போதும்.

ஒரே சிக்கல் 12 போர் (bore) மேக்னம், அதாவது நெறைய சின்ன ஈய உருண்டைய ஒரே நேரத்துல சுடுற ஷாட்கன் தோட்டா. அதுல கூடுறது முக்கியமா உள்ள இருக்குற ரவை (இங்க அந்த ஈய உருண்டைங்க), வேகம் பெரும்பாலும் கூடாது. அங்க பெருமருந்து ஒத்து வராது, 'மிகுரவைத் தோட்டா'ன்னு தனியா வச்சுக்கலாம்.