அலுமினியத் தாளில் சுற்றிய கார்டு

பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தது அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மாத்திரை என்று நினைத்தேன். பிரித்தார், உள்ளே வங்கிக் கார்டு. “தாளை எடுத்துவிட்டால், கூட்டத்தில் யாராவது பக்கத்தில் வந்து உரசியே பணத்தை உருவிவிடுவார்களாமே, தம்பி?” என்று கேட்டார்.

கார்டு மோசடிப் புகார்களை விசாரிப்பது என் வேலை. இப்படிப் பயமுறுத்தும், அவர் பார்த்த காணொளி எனக்கும் மாதம் ஒரு முறையாவது வந்துவிடும். சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் தாள் சுற்றியதில் அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை. உலோகத் தாள் உண்மையிலேயே அலையை மறிக்கும்.

இயந்திரத்தில் தட்டிப் பணம் செலுத்தும் இந்தக் கார்டின் மேலிருக்கும் நான்கு வளைகோடுகளைப் பார்த்துப் பலரும் இதை ‘வைஃபை கார்டு’ என்கிறார்கள். அதில் வைஃபையும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று ஓடுகிறது. கார்டு இயந்திரம் 13.56 மெகாஹெர்ட்ஸில் எழுப்பும் காந்தப்புலம் அந்தச் சுருளில் பட்டால்தான் சிப்புக்கு உயிர் வரும். விலக விலக அந்தப் புலம் வெகு வேகமாக வலுவிழக்கும். அதனால்தான் கடையில் நாமே நான்கைந்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கிறது. 2006-இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் பெரிய ஆன்டெனா கட்டி, இந்த வகை சிப்பைச் சுமார் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து படித்துக் காட்டினார்கள். அந்தக் கருவியை மறைத்துக்கொண்டு கூட்டத்தில் நடப்பது லேசான காரியமாக இருக்காது.

பெரியவரின் அனுமதியோடு அவர் கார்டை என் போனின் முதுகில் வைத்தேன். இரண்டு நொடியில் 16 இலக்க எண்ணும் காலாவதி மாதமும் திரையில் வந்தன. அவர் முகம் சுண்டிப்போயிற்று. வராதவற்றையும் காட்டினேன்: பின்பக்கத்து மூன்று இலக்கம் வரவில்லை, ஏடிஎம்மில் அழுத்தும் ரகசிய ‘பின்’ (PIN) எண் வரவில்லை, பெயரும் வரவில்லை. பணம் செலுத்தும்போது, இயந்திரம் தரும் ஒரு புதிய எண்ணையும் தன் கணக்கில் அது எத்தனையாவது பரிவர்த்தனை என்பதையும் சேர்த்து, சிப் அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும் முத்திரையை உருவாக்குகிறது. அதற்கான ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளியே வராது. ஆகவே ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ததை மறுபடி ஓட்டிப் பணம் எடுக்க முடியாது. அதற்காக ‘ஆபத்தே இல்லை’ என்று சொல்லும் சக ஊழியர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று இலக்கமும் ஓடிபியும் கேட்காத இணையக் கடைகள் இன்னும் இருக்கின்றன.

கடைகளில் இருக்கும் கார்டு இயந்திரத்தோடு கூட்டத்தில் உலவும் திருடன்? அவன் வணிகராகப் பதிவு செய்து, அடையாளம் கொடுத்து, கணக்குத் திறந்திருக்க வேண்டும். எடுத்த பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். நாலு புகார் வந்தால் ஆள் அகப்பட்டுவிடுவான்.

என் மேசைக்கு வரும் புகார்கள் வேறு மாதிரி. தொலைந்த கார்டு என்றால் கதை சிறியது: குறிப்பிட்ட தொகை வரம்புக்குள் தட்டினால் பின் எண் கேட்காது என்பதால், நாம் முடக்கும்வரை எடுத்தவன் சின்னச் சின்னத் தொகையாகத் தட்டிக்கொண்டே போவான்.

இன்னொரு வகைதான் என்னை உறங்கவிடாதது. ஓர் அம்மாவுக்கு வங்கியிலிருந்து பேசுவதாக அழைப்பு. அனுப்பிய செயலியை நிறுவச் சொன்னார்கள். ‘சரிபார்ப்புக்காக’ கார்டைப் போனின் பின்னால் வைத்து, பின் எண்ணை அழுத்தச் சொன்னார்கள். “அசைக்காதீர்கள் அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்” என்று அந்தக் குரல் பொறுமையாகச் சொன்னதாம். ஏன் அசைக்கக் கூடாது? அந்த நேரத்தில் எங்கோ ஓர் ஏடிஎம் முன் நின்றவன் கையிலிருந்த போன், இந்த அம்மாவின் கார்டாக நடித்துக்கொண்டிருந்தது. இடையில் இணையம் வழியே இரு போன்களும் பேசிக்கொண்டன. கார்டு விலகினால் பேச்சு அறுந்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமும் அல்ல. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆராய்ச்சிக்காக எழுதிய, கார்டின் பேச்சை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கடத்தும் ‘என்எஃப்சிகேட்’ என்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, செக் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த தீநிரலை (திருட்டுச் செயலியை) 2024-இல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் வெளிப்படுத்தியது. இதில் முத்திரையும் அசல், பின் எண்ணும் சரி. வங்கிக் கணினியின் கண்ணுக்குக் கார்டுக்காரரே ஏடிஎம்மில் நிற்கிறார். அந்த அம்மாவின் புகாரில் எதை வைத்து வாதாடுவது என்று நான் திணறியது இதனால்தான். உங்கள் கார்டை உங்கள் போனில் வைத்துச் சரிபார்க்கும்படி எவராவது தானாக அழைத்துச் சொன்னால், மறுபேச்சில்லாமல் துண்டியுங்கள். பிறகு கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

தட்டிச் செலுத்தும் வசதியே வேண்டாமென்றால், பல வங்கிகளின் செயலியில் அதை அணைக்க வழி இருக்கிறது, வரம்பையும் குறைக்கலாம். கம்பிச்சுருளை வெட்டக் கார்டில் துளை போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத வேலை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கார்டை மறுபடி தாளில் சுற்றினார். நானும் தடுக்கவில்லை. எழுந்தவரிடம், பணம் எடுத்தால் எஸ்எம்எஸ் வருகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நாளாக வருவதில்லை என்றார். பார்த்தால், வங்கியில் பதிந்திருந்தது அவர் எப்போதோ கைவிட்ட பழைய எண். மறுபடி உட்காரவைத்து, எண்ணை மாற்றும் படிவத்தை எடுத்தேன்.