சொல் விளக்கம்: தடுப்புறை வடம்

வெளி மின் இரைச்சல் புகாதபடி உலோக உறை சுற்றிய வடத்தை, கடையில் 'ஷீல்டு கேபிள்' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஷீல்டு, போரில் கையில் ஏந்திய கேடயத்துக்கான பழைய ஆங்கிலச் சொல். கேபிளின் மூலமான லத்தீன் சொல் கயிற்றைக் குறித்தது. நம் வடமும் தேர் இழுக்கும் கயிறுதான். ஆகவே கேபிளுக்கு வடம் கச்சிதம். சிக்கல் ஷீல்டில்தான்.

'காப்பு' என்றால் இன்சுலேஷனோடு குழம்பும். இன்சுலேஷன் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக். ஷீல்டோ நன்றாகக் கடத்தும் உலோகம். கடத்துவதால்தான் வெளி இரைச்சலைத் தன்மேல் வாங்கி, உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. 'கவசம்' மண்ணில் புதைக்கும் ஆர்மர்டு கேபிளுக்கு உரியது. அதிலுள்ள எஃகுக் கம்பிகள் மண்வெட்டி வெட்டுக்கானவை. எனவே 'தடுப்புறை' என்பதே என் தேர்வு. உறைபோலச் சுற்றியிருக்கிறது, தடுக்கிறது. இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன.

இந்த உறையின் தரம் நன்றாகத் தெரிவது நேரக் குறிகைகளில், அதாவது நேரத்தைச் சொல்லும் மின் சிக்னல்களில். ஜிபிஎஸ் கடிகாரம் நொடிக்கு ஒருமுறை அனுப்பும் துடிப்பை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் கணமே அங்கே 'நேரம்'. 1 வோல்ட் ஏற 10 நானோநொடி ஆகிறது என்றால், 10 மில்லிவோல்ட் இரைச்சல் அந்தக் கணத்தை 0.1 நானோநொடி முன்னும் பின்னும் தள்ளிவிடும். துடிப்பு மெதுவாக ஏறினால் பிழை இன்னும் கூடும்.

ஆர்ஜி-58 என்பது ஒரு கோஆக்சியல் வடம்: நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதன்மேல் உலோக உறை. அதன் கறுப்புத் தோலை உரித்துப் பாருங்கள்: உலோக இழைகளின் ஒற்றைப் பின்னல், இழைகளுக்கிடையே உள்ளிருக்கும் வெண்ணிறப் பாலிஎதிலீன் தெரியும். அந்த இடுக்குகள் வழியேதான் இரைச்சல் கசியும். ஆர்ஜி-223 என்ற இன்னொரு வடத்தில் வெள்ளி பூசிய செம்புப் பின்னல் இரண்டு அடுக்கு. இரண்டுக்கும் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 50 ஓம், ஏறத்தாழ ஒரே பருமன். நேரக் குறிகைக்கு நான் தயங்காமல் ஆர்ஜி-223-ஐத்தான் சொல்வேன்.

ஆடியோ வேலையில் தடுப்புறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யும் வழக்கம் உண்டு. கோஆக்சியல் வடத்தில் அது கூடாது. அங்கே உறையே திரும்பும் பாதை. ஒரு முனையைக் கழற்றினால் குறிகையே கெடும். இரு கருவிகளின் எர்த் வேறுபாட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நுழைந்தால், கடிகாரங்கள் தரும் 10 மெகாஹெர்ட்ஸ் குறிகைக்குத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆர்ஜி-223-இல் மீட்டருக்குச் சுமார் 5 நானோநொடி தாமதம். உலோகத் தகடும் பின்னலும் சேர்ந்த எல்எம்ஆர்-400 வடத்தில் சுமார் 3.9 மட்டுமே. 10 மீட்டர் வடத்தை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக மாற்றினாலே நேரம் 11 நானோநொடி நகர்ந்துவிடும். கருவியில் பழைய தாமத மதிப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள்.